எரிந்த ஏடும் எஞ்சிய சொல்லும்: 'ஃபாரன்ஹீட் 451' திரையேறிய வரலாறு

ஒரு நூல் எழுத்திலிருந்து திரைக்குச் செல்லும்போது வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு: அப்படம் மூலத்துக்கு உண்மையாக நடந்துகொண்டதா? பெரும்பாலோர் இதற்கு எண்ணிக்கையால் விடை காண முயல்வர். எத்தனை பாத்திரங்கள் விடப்பட்டன, எத்தனை நிகழ்ச்சிகள் மாற்றப்பட்டன, முடிவு அப்படியே இருக்கிறதா என்று பட்டியலிடுவர். பட்டியல் நீண்டால் துரோகம் என்பர். குறுகினால் நேர்மை என்பர். இந்த அளவுகோல் எவ்வளவு போதாதது என்பதைக் காட்டும் வரலாறு ஒன்று அறிவியல் புனைகதை இலக்கியத்தில் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1953இல் வெளியிட்ட 'ஃபாரன்ஹீட் 451' என்னும் புதினமும், பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ 1966இல் அதைக் கொண்டு எடுத்த திரைப்படமும், அவ்விரண்டுக்கும் பின்னர் நேர்ந்தவையுமே அவ்வரலாறு. அந்நூலை வெளிப்படையாக மாற்றியவரும் உண்டு. மறைவாக மாற்றியவரும் உண்டு. பெரிதாக மாற்றியவர் நூலைக் காத்தார். சிறிது சிறிதாக மாற்றியவர்கள் அதனைக் காயப்படுத்தினர்.

நூலகத்தின் நிலவறையில்

புதினத்தின் கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். வருங்கால அமெரிக்க நகரம் ஒன்றில் நூல் வைத்திருப்பது குற்றம். வீடுகள் யாவும் தீப்பற்றாத பொருளால் கட்டப்பட்டுவிட்டமையால் தீயணைப்புப் படையினருக்குப் பழைய வேலை இல்லை. ஒளித்து வைக்கப்பட்ட நூல்களைத் தேடிக் கொளுத்துவதே அவர்கள் பணி. அப்படையைச் சேர்ந்த மான்டாக், கிளாரிஸ் என்னும் இளம்பெண் கேட்கும் எளிய கேள்விகளால் கலக்கமுறுகிறான். கொளுத்தச் சென்ற இடத்திலிருந்து நூல்களைத் திருடி வந்து படிக்கத் தொடங்குகிறான். மனைவியே காட்டிக் கொடுக்கிறாள். படைத்தலைவன் பீட்டியைக் கொன்றுவிட்டுத் தப்பியோடி, நூல்களை நெஞ்சில் சுமந்து திரியும் ஒரு கூட்டத்தோடு சேர்கிறான்.

ஆங்கிலத்தில் 'ஃபயர்மேன்' என்னும் சொல் தீயோடு தொடர்புடையவன் என்ற அளவில் நின்றுவிடுகிறது. அணைப்பவனும் கொளுத்துபவனும் அதனுள் ஒருங்கே அடங்குவர். புதினத்தின் முழு முரணும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. தமிழிலோ 'தீயணைப்பவர்' என்னும்போதே தொழிலும் சொல்லப்பட்டுவிடுகிறது. அச்சொல்லைக் கொண்டு கொளுத்துபவனைக் குறிக்க இயலாது. ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் செல்வதிலேயே இத்தகைய இழப்பு நேரும்போது, எழுத்தை விட்டுத் திரைக்குச் செல்வது இழப்பின்றி நிகழும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இக்கதையின் முதல் வடிவம் 'தி ஃபயர்மேன்' என்ற பெயரில் 1951 பிப்ரவரியில் 'கேலக்ஸி' என்னும் அறிவியல் புனைகதை இதழில் வந்தது. அது எழுதப்பட்ட இடமும் பொருத்தமானது. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பவல் நூலக நிலவறையில், அரை மணிக்கு 10 சென்ட் காசு போட்டால் இயங்கும் வாடகைத் தட்டச்சுப் பொறிகள் இருந்தன. வீட்டில் அமைதி கிட்டாத பிராட்பரி அங்கே சென்று 9 நாளில் அதைத் தட்டச்சிட்டு முடித்தார். ஆன செலவு 9 டாலர் 80 சென்ட் என்பதை அவர் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். கல்லூரி வாயில் மிதியாமல் பொது நூலகங்களிலேயே கல்வி கற்ற ஒருவர், நூல்கள் எரியும் கதையை நூல்களுக்குக் கீழேயே அமர்ந்து எழுதினார்.

காலமும் அக்கதையைக் கோரிய காலமே. 1933 மே 10ஆம் நாள் பெர்லினில் நாஜி மாணவர்கள் நூல்களைக் குவித்துக் கொளுத்தி இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. அமெரிக்காவில் செனட்டர் மெக்கார்த்தியின் பெயரால் அறியப்பட்ட அச்சம் எழுத்தாளரையும் திரைக்கலைஞரையும் ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தது. வீடுதோறும் தொலைக்காட்சிப் பெட்டி நுழைந்துகொண்டிருந்தது. கதையை ஏறத்தாழ இருமடங்காக விரித்து, 1953 அக்டோபரில் பாலன்டைன் பதிப்பகத்தின் வழி பிராட்பரி புதினமாக வெளியிட்டார். அப்பதிப்பகம் 200 படிகளைத் தீப்பற்றாத கல்நார் அட்டையிட்டு வெளியிட்டதும் நடந்தது. நூல் காகிதம் தீப்பற்றும் வெப்பநிலையாகப் பிராட்பரி கொண்ட 451 பாகை ஃபாரன்ஹீட்டே தலைப்பாயிற்று. செல்சியஸ் கணக்கில் அது ஏறக்குறைய 233.

திரையைப் பழித்த நூல்

இப்புதினத்தைப் படமாக்குவதில் வேறெந்தப் புதினத்துக்கும் இல்லாத ஓர் இடர்ப்பாடு உண்டு. அது திரையையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் நூல். மான்டாக்கின் மனைவி மில்ட்ரெட், வீட்டுக் கூடத்தின் மூன்று சுவர்களையும் மறைத்து நிற்கும் தொலைக்காட்சித் திரைகளில் தோன்றுவோரைத் தன் குடும்பம் என்றே கருதுகிறாள். நான்காவது சுவருக்கும் திரை வேண்டும் என்பதே அவள் ஏக்கம். மேலும், நூல்கள் எப்படி அழிந்தன என்று படைத்தலைவன் பீட்டி விளக்கும் பகுதியில், அரசாணைக்கு முன்பே மக்கள் தாமாகவே படிப்பதைக் கைவிட்டதாகக் கூறுகிறான். பேரிலக்கியங்கள் முதலில் கால் மணி நேர வானொலி நிகழ்ச்சியாகச் சுருங்கின. பிறகு இரண்டு நிமிடப் பத்தியாயின. இறுதியில் அகராதியில் சில வரிகளாய் முடிந்தன. அவனது வரலாற்றில், தழுவலும் சுருக்கமுமே நெருப்புக்கு முந்திய படிகள்.

அப்படியானால் இப்புதினத்தை 112 நிமிடப் படமாக்குவதும் பீட்டி சொன்ன சுருக்கங்களுள் ஒன்றாகிவிடாதா? இந்தக் கேள்வி படத்தை எடுப்போர் தலைமேல் தொங்கும் கத்தி. நூலை எவ்வளவு உண்மையாகப் பின்பற்றினாலும், பின்பற்றும் ஊடகமே நூலின் குற்றச்சாட்டுக்கு இலக்காகிறது.

இதில் பிராட்பரியின் நிலை எளிமையானதன்று. அவர் திரையை வெறுத்து ஒதுங்கியவர் அல்லர். புதினம் வெளிவந்த அதே 1953ஆம் ஆண்டில் இயக்குநர் ஜான் ஹூஸ்டனுக்காக ஹெர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்' புதினத்துக்குத் திரைக்கதை எழுத அயர்லாந்து சென்றார். அப்படம் 1956இல் வெளிவந்தது. மெல்வில்லின் நூலில் ஃபெடல்லா என்னும் முக்கியப் பாத்திரம் உண்டு. பிராட்பரி அவனை முற்றாக நீக்கினார். திமிங்கிலத்தின் உடலோடு கயிற்றால் பிணைக்கப்பட்டு ஃபெடல்லா இறக்கும் இறப்பை எடுத்துக் கப்பல் தலைவன் ஆகாபுக்கு அளித்தார். மூலத்தில் எங்கும் இல்லாத அக்காட்சியே படத்தின் நினைவில் நிற்கும் காட்சியாயிற்று. ஒரு பேரிலக்கியத்தைத் திரைக்குக் கொண்டுவரும்போது எதை வெட்டலாம், வெட்டியதன் ஆற்றலை எங்கே சேர்க்கலாம் என்ற கணக்கைத் தம் கையாலேயே போட்டுப் பார்த்தவர் அவர். தம் நூலை இன்னொருவர் வெட்டியபோது அவர் பொறுத்துக்கொண்டதற்கு இவ்வனுபவமும் ஒரு காரணம் ஆகலாம்.

நூற்காதலர் ஒருவரின் கையில்

பிரான்சுவா த்ரூஃபோ 1932இல் பாரீசில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டவர். நூலும் திரைப்படமுமே அவர் கற்ற பள்ளிகள். 'காயே து சினெமா' இதழில் கடுமையான விமர்சகராக அறிமுகமாகி, 1959இல் '400 அடிகள்' படத்தின் வழி உலகப்புகழ் பெற்றார். அப்படத்தில் ஒரு சிறுவன் பால்சாக்கின் படத்துக்கு மாடம் அமைத்து மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பான், திரைச்சீலை தீப்பற்றிக்கொள்ளும். எழுத்தாளனைத் தெய்வமாக வணங்கும் சிறுவனும், அவ்வணக்கத்திலிருந்து கிளம்பும் நெருப்பும் பிராட்பரியின் நூலை எடுக்கு முன்னரே த்ரூஃபோவின் படத்தில் இருந்தன.

1960ஆம் ஆண்டு வாக்கில் இப்புதினத்தைப் பற்றிக் கேள்வியுற்ற த்ரூஃபோ அதைப் படமாக்க விரும்பினார். பணம் திரட்டுவதில் ஆண்டுகள் கழிந்தன. இறுதியில் 1966 ஜனவரி முதல் ஏப்ரல் வரை இங்கிலாந்தின் பைன்வுட் படப்பிடிப்புத் தளத்திலும் சுற்றுப்புறங்களிலும் படப்பிடிப்பு நடந்தது. திரைக்கதையை த்ரூஃபோவும் ஜான்-லூயி ரிஷாரும் எழுதினர். ஒளிப்பதிவு நிக்கலஸ் ரோக். இசை பெர்னார்டு ஹெர்மன். ஆஸ்கர் வெர்னர் மான்டாக்காக நடித்தார். இது த்ரூஃபோவின் முதல் வண்ணப்படம். அவர் ஆங்கிலத்தில் எடுத்த ஒரே படமும் இதுவே.

அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. மொழியைக் காக்கும் படத்தைத் தமக்குப் பழகாத மொழியில் எடுக்க நேர்ந்தது அவருக்கு வாய்த்த சோதனை. உரையாடல்கள் விறைப்பாக அமைந்துவிட்டன என்ற குறை அவருக்கே இருந்தது. பிரெஞ்சு ஒலிச்சேர்க்கை செய்யப்பட்ட படியையே அவர் பின்னாளில் விரும்பினார். 1962இல் 'ஜூல் அண்ட் ஜிம்' படத்தில் இணைந்து பணியாற்றிய வெர்னரோடு இம்முறை கடும் பிணக்கும் ஏற்பட்டது. மான்டாக்கைத் தயக்கமும் எளிமையும் உள்ளவனாக இயக்குநர் கருதினார். நடிகரோ இறுக்கமான வேறொருவனாக நடித்தார். படப்பிடிப்பின் இறுதி நாள்களில், காட்சித் தொடர்ச்சி கெடும்படி வெர்னர் தம் தலைமுடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றதும் உண்டு. இவ்வல்லல்களை எல்லாம் த்ரூஃபோ படப்பிடிப்புக் காலத்திலேயே நாட்குறிப்பாக எழுதி, 'காயே து சினெமா'வில் வெளியிட்டார்.

எழுத்தில்லாத உலகம்

திரையைப் பழிக்கும் நூலைத் திரைக்குக் கொண்டுவரும் இடர்ப்பாட்டை த்ரூஃபோ தீர்த்த விதம் எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர் திரையிலிருந்து எழுத்தை அகற்றினார். படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் எழுத்தில் வருவதில்லை. கூரைகளின் மேலுள்ள தொலைக்காட்சி அலைவாங்கிகள் ஒவ்வொன்றாகக் காட்டப்பட, ஒரு குரல் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகிறது. மான்டாக் கையில் எடுக்கும் செய்தித்தாளில் கட்டம் கட்டமாகப் படங்கள் மட்டுமே உள்ளன. சொல் ஒன்றும் இல்லை. எழுத்துக்கு ஏங்கும் நிலைக்குப் பார்வையாளனைக் கொண்டுவந்த பிறகே, எரியப்போகும் நூல்களின் அட்டைகளில் எழுத்து காட்டப்படுகிறது. பசித்தவன் முன் சோறு வைப்பது போன்றது இது. நூலில் வாசகன் எழுத்தின் நடுவிலேயே இருக்கிறான். எழுத்தில்லாத உலகை அவன் கற்பனை செய்தாக வேண்டும். எழுத்தின்மையைக் கண்ணுக்குக் காட்டுவது திரையால் மட்டுமே இயலும். புதினம் செய்ய இயலாத ஒன்றைப் புதினத்தின் பொருட்டுப் படம் செய்தது.

மான்டாக் முதன்முதலாகப் படிக்கும் நூலாக த்ரூஃபோ சார்லஸ் டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்டை' அமைத்தார். விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு, தலைப்புப் பக்கத்தில் உள்ள பதிப்பு விவரங்களைக்கூட விடாமல் மான்டாக் உரக்கப் படிக்கிறான். எது கதை, எது கதையல்ல என்று பிரிக்கத் தெரியாத அந்தப் பேதைமை, எழுத்தறியத் தொடங்கும் குழந்தையின் பேதைமை. எரியும் காட்சிகளிலும் இதே கவனம் உள்ளது. தீயில் தாள்கள் சுருண்டு கருகுவதை ஒளிப்படக்கருவி அண்மையில் சென்று நோக்குகிறது. டாலியின் ஓவிய நூல் ஒன்றின் பக்கங்கள் தாமே புரள்கின்றன. த்ரூஃபோ எழுதி வளர்ந்த 'காயே து சினெமா' இதழும் எரிகிறது. இப்படத்தில் இரக்கத்துக்குரிய பாத்திரங்கள் மனிதரைவிட நூல்களே என்று சொல்லலாம்.

வருங்காலக் கருவிகளை அவர் பெரிதும் தவிர்த்தார். பிரான்சில் சோதனைக்காக அமைக்கப்பட்டிருந்த ஒற்றைத்தண்டவாள ஊர்தி போன்ற சிலவற்றைத் தவிர, வீடுகளும் தொலைபேசிகளும் பழமையாகவே இருக்கின்றன. தீயணைப்பு நிலையத்தில் வீரர்களை மேலே ஏற்றிச் செல்லும் கம்பம் ஒன்று உண்டு. படிக்கத் தொடங்கிய பிறகு அக்கம்பம் மான்டாக்கை ஏற்றுவதில்லை. அவன் படிக்கட்டில் ஏறிச் செல்கிறான். அவன் மனமாற்றத்தை ஒரு சொல்லும் இன்றிக் காட்டும் இடம் அது.

விட்டவையும் மாற்றியவையும்

மாற்றங்களின் பட்டியல் சிறியதன்று. ஓடிப்போகிறவரை மோப்பம் பிடித்துக் கொல்லும் இயந்திர வேட்டைநாய் படத்தில் இல்லை. நகரை அழிக்கும் போர் இல்லை. மனைவியின் பெயர் லிண்டா என்றாயிற்று. புதினத்தில் பதினேழு வயதுப் பெண்ணாக வந்து, பாதியிலேயே மறைந்து, இறந்துவிட்டாள் என்று மட்டும் சொல்லப்படும் கிளாரிஸ், படத்தில் வேலையிழந்த இளம் ஆசிரியையாகி இறுதிவரை உயிரோடிருக்கிறாள். லிண்டா, கிளாரிஸ் இருவரையும் ஜூலி கிறிஸ்டி ஒருவரே ஏற்று நடித்தார். ஒரே முகத்தில், படிப்பவள் ஒருத்தி, படியாதவள் ஒருத்தி என்று காட்டும் கருத்து நுட்பமானதுதான். ஆயினும் இரட்டை வேடம் பார்வையாளனைக் குழப்பியது என்போர் பலர். பிராட்பரிக்கும் அது பிடிக்கவில்லை.

உண்மையான இழப்பு வேறோரிடத்தில் உள்ளது. புதினத்தில் ஃபேபர் என்னும் முதிய ஆங்கிலப் பேராசிரியர் வருகிறார். மான்டாக் தேடுவது நூல்களை அன்று, நூல்களில் ஒரு காலத்தில் இருந்த ஒன்றை என்று அவர் தெளிவுபடுத்துகிறார். வாழ்வின் நுண்மையைக் கொண்ட எழுத்து, அதைச் செரித்துக்கொள்ள ஓய்வு, அவ்விரண்டிலிருந்தும் கற்றதைச் செயலாக்கும் உரிமை என மூன்றும் வேண்டும் என்பது அவர் வாதம். நூலின் முதுகெலும்பு அது. த்ரூஃபோ ஃபேபரை முற்றாக விட்டுவிட்டார். அதனால் படத்தில் நூல்கள் ஏன் வேண்டும் என்ற வினாவுக்குச் சிந்தனையால் அமைந்த விடை இல்லை. அன்பால் அமைந்த விடையே உள்ளது. படத்தைக் குறைகூறியோர் இதைச் சுட்டியது நியாயமே. 1966 செப்டம்பரில் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டபோதும் அதன் பின்னும், வரவேற்பு இருவகையாகவே இருந்தது.

பனியில் நடந்த நூல்கள்

ஆனால் படத்தின் இறுதிப் பகுதியைப் பற்றி இருவகைக் கருத்து இல்லை. புதினத்தில் ஆற்றங்கரை ஓரம் மான்டாக் சந்திக்கும் நாடோடிகள் ஒவ்வொருவரும் ஒரு நூலை மனப்பாடமாகச் சுமப்பவர். விவிலியத்தின் சபை உரையாளர் நூலே மான்டாக்கின் பங்கு. தொலைவில் நகரம் குண்டுக்கு இரையாக, மீண்டும் கட்டுவதற்காக அவர்கள் அதை நோக்கி நடப்பதோடு கதை முடிகிறது.

த்ரூஃபோ இக்கூட்டத்தைக் காட்டுக்குள் ஒரு குடியிருப்பாக்கினார். அங்கே மனிதருக்குப் பெயரில்லை. நூலின் பெயரே அவர்கள் பெயர். கந்தல் உடுத்த ஒருவர் மாக்கியவெல்லியின் 'இளவரசன்'. உருவொத்த உடன்பிறப்பாளர் இருவர் ஜேன் ஆஸ்டினின் ஒரே நூலின் இரு பாகங்கள். ஒருவர் பிராட்பரியின் 'செவ்வாய்க் கிரக வரலாறு'. மான்டாக் எட்கர் ஆலன் போவின் கதைகளை ஏற்கிறான். சாகும் தறுவாயில் உள்ள முதியவர் ஒருவர், ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதிய ஒரு நூலை வரி வரியாகச் சொல்ல, சிறுவன் ஒருவன் திரும்பச் சொல்லிக் கற்கிறான். அது 1894இல் ஸ்டீவன்சன் இறந்தபோது முடிவுறாமல் நின்றுபோன 'வெயர் ஆஃப் ஹெர்மிஸ்டன்'. எழுதியவர் முடிக்காத நூலை, முடியப்போகும் ஓருயிர் இன்னோர் உயிருக்குக் கைமாற்றுகிறது. செவிவழியாய் நூல் காத்த மரபை அறிந்த தமிழ் வாசகர்க்கு இக்காட்சி அயலாகத் தோன்றாது.

இறுதிக் காட்சி எடுக்க வேண்டிய வேளையில் எதிர்பாராமல் பனி பெய்தது. த்ரூஃபோ படப்பிடிப்பை நிறுத்தவில்லை. வெண்பனியில் ஆண்களும் பெண்களும் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி தத்தம் நூலை முணுமுணுக்கின்றனர். ஆங்கிலமும் பிரெஞ்சும் பிற மொழிகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கலக்கின்றன. எந்த ஒரு சொற்றொடரும் தனித்துக் கேட்பதில்லை. மொழி என்னும் மூச்சு மட்டும் கேட்கிறது. நரம்பிசைக் கருவிகளைக் கொண்டு ஹெர்மன் அமைத்த இசை அதன்மேல் படர்கிறது. பீட்டி சொன்ன சுருக்கத்துக்கு நேரெதிரான காட்சி இது. நூலைச் சில நிமிடமாகக் குறைப்பதற்கு மாறாக, இம்மக்கள் ஒரு வாழ்நாள் முழுவதையும் ஒரு நூலுக்குக் கொடுத்துவிட்டனர்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நூல்களைக் காக்கும் இம்மக்களும் நூல்களை எரிப்பவர்களே. மனப்பாடம் செய்து முடித்ததும் தாளைத் தீயிலிட்டுவிடுகின்றனர், யாரும் பறிக்க இயலாதபடி. இது புதினத்திலும் உண்டு, படத்திலும் உண்டு. தாளும் மையும் அட்டையும் போகலாம். சொல் போகலாகாது என்பது அவர்கள் கொள்கை. வேறொரு கலத்துக்கு மாற்றிக் காப்பது என்பதே தழுவலின் இலக்கணம் என்றால், அக்காட்டு மக்களே முதல் தழுவலாளர்கள். த்ரூஃபோ செய்ததும் அத்தகையதே. நாயும் போரும் பேராசிரியரும் போனாலும், அந்தக் குரல் போகாமல் பார்த்துக்கொண்டார்.

மறைவாகச் செய்த மாற்றம்

படம் வந்த மறு ஆண்டிலேயே, 1967இல், நூலுக்கு வேறு வகையான மாற்றம் நேர்ந்தது. பள்ளி மாணவர்களுக்கென்று பாலன்டைன் பதிப்பகம் தனிப்பதிப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் 75க்கும் மேற்பட்ட இடங்கள் திருத்தப்பட்டன. வசைச்சொற்களும், கருக்கலைப்பைக் குறிக்கும் சொல்லும் நீக்கப்பட்டன. குடிபோதையில் இருந்தவன் நோயாளியாக மாற்றப்பட்டான். தொப்புளைச் சுத்தம் செய்யும் பேச்சு காதைச் சுத்தம் செய்வதாக மாறிற்று. திருத்தப்பட்டது என்ற குறிப்பு எங்கும் இல்லை, ஆசிரியருக்கும் சொல்லப்படவில்லை. தொடக்கத்தில் முழுப்பதிப்பும் திருத்தப்பதிப்பும் ஒருங்கே விற்பனையில் இருந்தன. 1973இலிருந்து திருத்தப்பட்டது மட்டுமே கடைகளில் கிடைத்தது. நூலெரிப்பை எதிர்த்து எழுதப்பட்ட நூல், ஏறக்குறைய ஆறாண்டுகள், குறைபட்ட உடலோடு தன் பெயரிலேயே உலவியது.

1979இல் இது பிராட்பரியின் கவனத்துக்கு வந்தது. அவர் வற்புறுத்த, பதிப்பகம் நூலை மீண்டும் அச்சுக்கோத்து 1980இல் முழுமையாக வெளியிட்டது. 1979இல் அவர் எழுதிச் சேர்த்த பின்னுரையில் இந்நிகழ்ச்சியைச் சினத்தோடு பதிவு செய்தார். நூலை எரிக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு என்பதே அப்பின்னுரையின் சாரம்.

த்ரூஃபோ ஒரு பாத்திரத்தைக் கொன்றார், ஒருத்தியை உயிர்ப்பித்தார், முடிவை மாற்றினார். திருத்தியவர்கள் கதையில் ஒரு நிகழ்ச்சியையும் தொடவில்லை. எண்ணிக்கை அளவுகோலைக் கொண்டால் திருத்தியவர்களே நேர்மையாளர் ஆவர். ஆனால் த்ரூஃபோவின் படத்தைக் கண்டவர் எவரும் புதினத்தைப் படித்துவிட்டதாக ஏமாற வாய்ப்பில்லை. நூல் தன்னிடத்தில் அப்படியே இருந்தது. திருத்தப்பதிப்பைப் படித்த மாணவரோ புதினத்தையே படித்ததாக நம்பினார். முன்னது மூலத்தின் அருகில் வந்து நின்றது. பின்னது மூலத்தின் இருக்கையில் ஏறி அமர்ந்துகொண்டது.

திரையிலிருந்து மேடைக்கு

அதே 1979ஆம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. பிராட்பரி தம் புதினத்தைத் தாமே நாடகமாக்கினார். அதில் கிளாரிஸ் சாகவில்லை. இறுதியில் நூல் மாந்தரிடையே மான்டாக் அவளைக் காண்கிறான். த்ரூஃபோ செய்த மாற்றம் சரியென்று கண்டு, அதை மூல ஆசிரியரே தம் மேடைக்கு ஏற்றுக்கொண்டார். படைத்தலைவன் பீட்டி தன் வீட்டில் பெரிய நூலகம் வைத்திருப்பவனாகவும், ஆனால் எந்த நூலையும் படியாதவனாகவும் அந்நாடகத்தில் வளர்ந்தான். இருப்பினும் அச்சில் உள்ள புதினத்துக்குள் இவற்றைப் புகுத்தப் பிராட்பரி இசையவில்லை. இளமையில் எழுதியதை முதுமையில் திருத்துவது தமக்கு உரியதன்று என்று அவர் கருதினார். அங்கே கிளாரிஸ் இன்றளவும் இறந்தவளே. தழுவலில் தாராளம், மூலத்தில் உறுதி என்னும் இரண்டும் ஒருவரிடமே ஒரே ஆண்டில் ஒருங்கே நின்றன.

நூலின் கருவைப் பற்றி அவர் சொன்னதும் காலந்தோறும் மாறியது. 1956இல் அளித்த வானொலி நேர்காணலில், தம் நாட்டில் நூல்கள் எரிக்கப்படலாம் என்ற அச்சமே எழுதத் தூண்டியது என்றார். 2007இல், இது அரசின் தணிக்கையைப் பற்றியதன்று, தொலைக்காட்சி வாசிப்பை அழிப்பதைப் பற்றியது என்று வலியுறுத்தினார். மின்னூல்களை நெடுநாள் எதிர்த்தவர், 2011இல் இந்நூலின் மின்பதிப்புக்கு இசைந்தார். 2012 ஜூனில், தம் 91ஆம் வயதில் காலமானார். த்ரூஃபோ 1984 அக்டோபரிலேயே மறைந்துவிட்டார்.

பறவையின் உடலில்

1990களில் நடிகர் மெல் கிப்சன் இப்புதினத்தை மீண்டும் படமாக்க முயன்றும் நிறைவேறவில்லை. 2018இல் ரமின் பஹ்ரானி இயக்கிய தொலைக்காட்சிப் படம் எச்.பி.ஓ. வழி வெளிவந்தது. மைக்கேல் பி. ஜோர்டன் மான்டாக்காகவும் மைக்கேல் ஷானன் பீட்டியாகவும் நடித்தனர். இணையம் பரவிய உலகில் தாளை எரித்தால் மட்டும் நூல் அழியுமா என்ற வினாவை இப்படம் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. எனவே கொளுத்துவோர் கணினிகளையும் அழிக்கின்றனர். மனப்பாடம் செய்வோர் இங்கும் உண்டு. ஆனால் நம்பிக்கை முழுவதும் 'ஆம்னிஸ்' என்னும் திட்டத்தின்மேல் வைக்கப்படுகிறது. மனித குலத்தின் நூல்கள் யாவும் மரபணு இழையில் பதியப்பட்டு ஒரு பறவையின் உடலில் செலுத்தப்படுகின்றன. மான்டாக் தீயில் மடிய, பறவை பறந்து தப்புகிறது.

காலத்துக்கேற்ற கற்பனை இது. எனினும், இரு படங்களையும் அடுத்தடுத்துக் காண்போர்க்கு ஒரு வேறுபாடு புலனாகும். பறவை நூல்களைச் சுமக்கிறது, படிப்பதில்லை. சுமப்பது யாதென்று அதற்குத் தெரியாது. பனியில் நடந்தவர்களோ சுமந்ததைச் சொல்லிக்கொண்டே நடந்தனர். சொல்லச் சொல்ல அந்நூலாகவே ஆயினர். சேமிப்பு வேறு, வாசிப்பு வேறு. ஃபேபர் கேட்ட செரிமானம் பறவையிடம் இல்லை. ஃபேபரையே நீக்கிய த்ரூஃபோவின் படத்தில், அம்முதியவர் அருகே மண்டியிட்ட சிறுவனிடம் அது இருக்கிறது. புதினத்தின் பேராசிரியரைப் படம் இழந்தது. அவர் கற்பித்த பாடத்தை இழக்கவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து ஒரு தழுவலை மதிப்பிடத் தேவையான வினாக்கள் கிடைக்கின்றன. மாற்றியவர் தம் பெயரில் மாற்றினாரா, மூலத்தின் பெயரில் மாற்றினாரா? மாற்றிய பின் மூலம் முழுமையாகக் கைக்கெட்டுகிறதா? விட்டவற்றின் ஆற்றல் வேறெங்கேனும் வந்து சேர்ந்துள்ளதா? இவ்வினாக்கள் திரைப்படத்துக்கு மட்டுமன்றி மொழிபெயர்ப்புக்கும் பதிப்புக்கும் பாடநூலுக்கும் பொருந்தும். பாடநூலுக்காக ஒரு கவிதையின் வரியைச் சொல்லாமல் நீக்குபவரும், அதே கவிதையைக் கூத்தாக மாற்றி மேடையேற்றுபவரும் ஒரே தராசில் நிறுக்கப்பட வேண்டியவர் அல்லர்.

பவல் நூலகத்தின் நிலவறையில் 9 டாலர் 80 சென்ட் செலவில் பிறந்த கதை, இதழாகவும் புதினமாகவும் படமாகவும் நாடகமாகவும் மின்னூலாகவும் மாறி எழுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அதை ஊறுபடுத்திய பதிப்பு மறைந்தது. அதை உருமாற்றிய படம் நிற்கிறது. பைன்வுட்டை அடுத்த காட்டில் அன்று பெய்த பனியில், ஒருவர் சொல்ல மற்றொருவர் கேட்டுத் திருப்பிச் சொல்லும் அந்தக் காட்சிக்குத் தேவைப்பட்டவை இரண்டே: ஒரு வாய், ஒரு செவி. நூல் எந்தக் கலத்துக்கு மாறினாலும் இவ்விரண்டும் இருக்கும்வரை அது எரிந்துபோவதில்லை.